'ஷேம் ஷேம்' என்று பழக்காதீர்கள்

என் மகளுக்கு 17 வயது. டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும் நிலை. அவள் வயதுக்கு வந்த வாரமே சொந்தத்தில் இரண்டு பேர் தனித்தனியாக என் காதில் சொன்னது ஒன்றுதான்: "பேசாம கர்ப்பப்பைய எடுத்துடு. உனக்கு நிம்மதி, அவளுக்கும் பாதுகாப்பு."

1994இல் புனேயில், அரசு இல்லத்தில் இருந்த அறிவு வளர்ச்சி குறைந்த பெண்களுக்கு இதைத்தான் செய்தார்கள். பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அந்த யோசனை மட்டும் இன்னும் சாகவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் தங்காது, சரி. தொடுகிற கை நின்றுவிடுமா? நடந்தது வெளியே தெரிவதற்கு இருந்த ஒரு வழியும் அடைபட்டுப் போகும்.

"தெய்வக் குழந்தை, அவளுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்பார்கள். அவள் உடம்புக்கு அது தெரியாதே.

எனக்கு உறுத்துவது வேறு. மூன்று வயதிலிருந்து தெரபி. உட்காரு, கையக் குடு, வாயத் திற. யார் கையைப் பிடித்தாலும் அடங்கி இருந்தால் 'குட் கேர்ள்'. வருஷக்கணக்காகப் பாடுபட்டு, 'மாட்டேன்' என்ற சொல்லை அவளிடமிருந்து பிடுங்கியது நாங்கள்தான். உடம்பின் ஒரு பகுதிக்கு 'ஷேம் ஷேம்' என்றே பெயர் வைத்திருந்தோம். அங்கே ஒருவன் கை வைத்தால் வெட்கப்பட வேண்டியது தான்தான் என்றல்லவா அவள் நினைப்பாள்?

மாற்றிக்கொண்டோம். கண்ணாடி முன் நின்று மார்பு, யோனி, ஆசனவாய் என்று பெயர் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் எனக்கே நாக்கு எழவில்லை. மாதவிடாய் பேடில் சிவப்பு மை ஊற்றி, மாற்றிக் காட்டி, படம் ஒட்டிப் பழக்க ஆறு மாதம் ஆனது. பாட்டி முத்தம் கேட்டு அவள் 'வேண்டாம்' என்றால், பாட்டியும் விட்டுவிட வேண்டும். பாட்டிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் வீட்டில் செல்லாத 'வேண்டாம்' வெளியே எப்படிச் செல்லும்?

இப்படிப்பட்ட பிள்ளையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்ய சிறப்பாசிரியரின் உதவியைப் பெறலாம் என்கிறது, 18 வயதுக்குட்பட்டவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 26ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடு. உறுப்பின் பெயரே தெரியாத பிள்ளை அவரிடம் எதைச் சொல்லும்? அடுத்த வருஷம் என் மகளுக்கு 18. போக்சோவுக்கு உடலின் வயதுதான் கணக்கு, மனவயது அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. எங்களுக்கு இருப்பது சில மாதங்கள்.

ஸ்பெஷல் ஸ்கூலில் இதைப் பாடமாக வைக்கக் கேட்டேன். "மத்த பேரண்ட்ஸ் சங்கடப்படுவாங்க" என்றார்கள். அதனால் சனிக்கிழமை எங்கள் மொட்டைமாடியில் அம்மாக்கள் ஆறு பேர் கூடுகிறோம். பையன்களைப் பெற்றவர்களும் வாருங்கள். கதவைச் சாத்திக்கொண்டு செய்வது எது, நாலு பேர் முன்னால் செய்யக் கூடாதது எது என்று யாருமே சொல்லித் தராததால் தெருவில் அடி வாங்குகிற பிள்ளைகள் அவர்கள்.