குக்கருக்கும் சாலைக்கும் அப்பால் ஒரு டிடிகே

டிடிகே என்றால் நம்மில் பலருக்கு பிரஸ்டீஜ் குக்கர், சென்னைக்காரர்களுக்கு ஒரு சாலை, கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மியூசிக் அகாடமி அரங்கம். டி.டி.கிருஷ்ணமாச்சாரி என்ற மனிதர் இந்த மூன்றுக்கும் நடுவில் காணாமல் போய்விட்டார் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

1928-ல் சென்னையில் பெரிய கம்பெனிகளின் சரக்கை எடுத்துக் கடைகளுக்குச் சேர்க்கும் ஏஜென்சி தொழிலைத் தொடங்கியவர். சென்னை சட்டசபைக்கு முதலில் சுயேச்சையாகத்தான் போனார், காங்கிரஸ் அப்புறம்தான். பிறகு அரசியல் நிர்ணய சபை. 1948 நவம்பர் 5 அன்று அங்கே அவர் பேசியதை எல்லோரும் ஒரு முறை படிக்க வேண்டும். அரசியல் சாசனத்தை எழுதிய வரைவுக் குழுவில் ஏழு பேர். ஒருவர் விலகினார், ஒருவர் இறந்தார், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் சமஸ்தான வேலையில், ஓரிருவர் டெல்லிக்கு வெகு தொலைவில். கடைசியில் முழுச் சுமையும் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்று சபையிலேயே சொன்னார். பெருமையை முழுசாக இன்னொருவருக்குக் கொடுத்து இதைச் சொல்ல மனசு வேண்டும். அதே பேச்சில் இந்தித் திணிப்பு நாட்டை உடைக்கும் என்றும் எச்சரித்தார்.

நிதியமைச்சராக 1957 பட்ஜெட்டில் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். யோசனை பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கால்டருடையது. ஆனால் தன் சொந்த வர்க்கத்தின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு அதைச் செய்தவர் ஒரு வியாபாரி. எனக்கு அவர்மேல் மரியாதை வந்ததே இங்கேதான்.

அதே வருஷம் முந்த்ரா விவகாரம். எல்ஐசி பணம் சுமார் ஒன்றேகால் கோடி, ஹரிதாஸ் முந்த்ராவின் ஆட்டம் கண்ட கம்பெனிகளின் பங்குகளில் போனது. ஆளுங்கட்சியின் ஃபெரோஸ் காந்தியே நாடாளுமன்றத்தில் கிளப்பினார். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார், வெளியில் நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி வைத்தார்கள். அந்த முதலீட்டுக்குத் தான் ஒப்புதல் தரவில்லை என்பது டிடிகேயின் வாதம். அமைச்சர்தான் பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் பதவி போனது. சாக்ளா சொன்னதுதான் சரி. தன் துறைச் செயலாளரைக் காட்டிவிட்டு அமைச்சர் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

1963-ல் மறுபடி நிதியமைச்சர். அடுத்த வருஷமே தொழில்களுக்குக் கடன் தரும் ஐடிபிஐ வங்கி வந்தது, மக்களின் சிறு பணத்தைத் திரட்டிப் பங்குகளில் போடும் யூனிட் டிரஸ்ட் வந்தது. பத்து ரூபாய் முகமதிப்பில் ஒரு யூனிட். பங்குச் சந்தையை எட்டிப் பார்க்காத சம்பளக்காரரும் முதலீட்டாளர் ஆக முடிந்தது.

1965-ல் குடும்பத் தொழிலை வைத்துக் குற்றச்சாட்டு எழுந்தது. தலைமை நீதிபதியின் கருத்தைக் கேட்கலாம் என்றார் பிரதமர் சாஸ்திரி. அதைத் தன்மேல் நம்பிக்கையின்மையாக எடுத்துக்கொண்டு டிசம்பர் 31 அன்று விலகிவிட்டார். இங்கேயும் எனக்கு அவரோடு உடன்பாடு இல்லை. கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு அமைச்சராகிறவர்மேல் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். முந்த்ரா விஷயத்தில் எல்லாம் வெட்டவெளியில் நடந்ததால் அவர் எந்த அளவுக்குப் பொறுப்பு என்று இன்றைக்கும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். இரண்டாவது முறையும் அந்தப் பரிசோதனைக்கு அவர் நின்றிருக்க வேண்டும்.