சீனர்களின் இங்கிலீஷைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எத்தனை பேர்தான் ஷேர் செய்வீர்கள்? சீனாவின் குவாங்சோ நகரக் கடையில் அந்தப் பெண் மொழிபெயர்ப்பு ஆப்பைத் திறந்து போனை நீட்டுகிறாள். நம்மவர் கேமராவைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். "ஸ்கூல்ல இங்கிலீஷே படிக்கலையா?" என்று கேள்வி வேறு. சரக்கு வாங்கப் போனது நீங்கள் சார். நாலு வார்த்தை சீன மொழி கற்றுக்கொண்டு போயிருக்க வேண்டியதும் நீங்கள்தான்.

படித்திருப்பாள். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் என்று 2001-லேயே அங்கே அரசு சொல்லிவிட்டது. பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவில் 750 மதிப்பெண்ணில் ஆங்கிலத்துக்கு 150, கணக்குக்கும் அதே 150. ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் வாய் திறந்து பேசுவதற்கு மார்க் கிடையாது. மார்க் இல்லாததை நாம் மட்டும் விழுந்து விழுந்து படித்தோமாக்கும்!

வூஹானில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது தினமும் பார்ப்பேன். விடியற்காலைக் குளிரில் சீன மாணவர்கள், மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து நின்று, ஒரு கையில் சோயா பால், மறு கையில் சொற்பட்டியல் புத்தகம், சத்தமாக ஆங்கிலம் வாசிப்பார்கள். அதே பிள்ளைகள் வகுப்பில் வாயே திறக்கமாட்டார்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் "எனி கொஸ்டின்ஸ்?" என்றால் அத்தனை பேரும் மேஜையைப் பார்ப்பார்கள். அவருக்குச் சுர்ரென்று ஏறும். வகுப்பு முடிந்தால் அவரைச் சுற்றி நாலு பேர், ராத்திரி வீசாட் என்ற சீன மெசேஜ் ஆப்பில் இன்னும் நாலு பேர். எல்லார் முன்னாலும் தப்பாகப் பேசி நிற்பதைவிட, தன் ஒருத்தி சந்தேகத்துக்காக வகுப்பையே நிறுத்துவதைவிட, பிறகு கேட்பதுதான் அங்கே மரியாதை. இது தெரியாமல் "மக்குப் பசங்க" என்று கமெண்ட் போடுகிறீர்கள்.

"சீனாவுக்கு வக்காலத்தா?" என்பவர்கள் எல்லைப் பிரச்சினையை வேறு பதிவில் பேசுங்கள்.

"உலகமே பேசுற மொழியை அவங்களும் பேசினா என்ன?" நியாயம்தான். ஆனால் 1963-லிருந்து பீஜிங் வானொலியில் சீனர்கள் நமக்குத் தமிழில் செய்தி வாசித்தார்களே, என் தாத்தா கடிதம் போட்டுக் காலண்டர்கூட வாங்கினார், அவர்கள் தமிழுக்குக் கைதட்டினோமே. பதிலுக்கு நம்மில் எத்தனை பேர் சீன மொழி படித்தோம்?

எனக்கு அவர்கள் மேல் கோபம் இல்லை என்றா நினைக்கிறீர்கள்? அங்கே ஒரு பயிற்சி மையத்தில் ஆங்கில ஆசிரியர் வேலை கேட்டுப் போனேன். சான்றிதழைப் பிரிக்கவே இல்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், "பெற்றோர் ஒத்துக்கமாட்டாங்க" என்றார்கள். ஆங்கிலம் தாய்மொழியான நாட்டுக்காரர்தான் வேண்டுமாம், விதியே அப்படி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரருக்கு, கற்பித்து ஒரு நாள் பழக்கம் இல்லை, அன்றைக்கே வேலை.

"உனக்கே வேலை கொடுக்காதவங்க மேல என்ன பாசம்?" என்று இந்தக் கதை தெரிந்த நண்பர் ஒருவர் காலையில் இன்பாக்ஸில் கேட்டார். பதில் டைப் செய்தேன், அழித்தேன், பிளாக் செய்துவிட்டேன்.