தலைப்பில் விடுபட்ட ஏழு ஆண்டுகள்

ஊக்கமருந்து உட்கொண்டதற்காக ஏழு டூர் டி பிரான்ஸ் பட்டங்களை இழந்த அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு வக்காலத்து வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் கிடையாது. ஆனாலும் 2013ஆம் ஆண்டு ஜூன் 28 அன்று பிரான்ஸின் ‘லெ மோந்த்’ நாளிதழில் வெளிவந்த அவரது பேட்டியையும், ‘ஊக்கமருந்து இல்லாமல் டூரை வெல்ல முடியாது’ என்ற அதன் தலைப்பு உலகம் முழுவதும் பரவிய விதத்தையும் பார்க்கும்போது, அந்த ஒரு விஷயத்தில் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. அந்த நியாயம் அவருக்கு எத்தனை வசதியாக அமைந்துவிட்டது என்பதுதான் என்னை இன்றும் உறுத்துகிறது.

நூறாவது டூர் டி பிரான்ஸ் மறுநாள் கோர்சிகா தீவில் தொடங்கவிருந்தது. நீங்கள் ஓட்டிய காலத்தில் ஊக்கமருந்து இல்லாமல் சாதித்திருக்க முடியுமா என்பது நிருபர் கேட்ட கேள்வி. எந்தப் பந்தயம் என்பதைப் பொறுத்தது, டூர் என்றால் முடியாது, அது உடலின் தாங்குதிறனைச் சோதிக்கும் பந்தயம், அங்கே ஆக்சிஜன்தான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்ற பொருளில் ஆர்ம்ஸ்ட்ராங் பதில் சொன்னார். இ.பி.ஓ. என்ற மருந்து நூறு மீட்டர் ஓடுபவருக்கு உதவாது, பத்தாயிரம் மீட்டர் ஓடுபவருக்கு அதுவே எல்லாம் என்று விளக்கமும் கொடுத்தார். ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கி, தசைகளுக்குப் போய்ச் சேரும் ஆக்சிஜனைக் கூட்டும் மருந்து அது. மூன்று வாரங்களில் சுமார் 3,400 கிலோமீட்டர் மலையேறி இறங்க வேண்டிய பந்தயத்தில் அதன் பலன் என்னவாக இருக்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி, பதில் இரண்டும் கடந்த காலத்தைப் பற்றியவை. தலைப்புக்கு வந்தபோது ‘நீங்கள் ஓட்டிய காலத்தில்’ என்ற பகுதி மட்டும் காணாமல் போயிருந்தது. மறுநாள் பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஏறத்தாழ இருநூறு வீரர்களும் மருந்து போட்டவர்கள்தான் என்று அவர் சொல்லிவிட்டதைப் போலச் செய்தி பறந்தது.

அன்றே ட்விட்டரில் அவர் மறுப்பு எழுதினார். தான் பேசியது 1999 முதல் 2005 வரையிலான ஆண்டுகளைப் பற்றி, அதை நிருபரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தேன், இன்றைய நிலை எனக்குத் தெரியாது, முடியும் என்றுதான் நம்புகிறேன் என்பது அதன் சாரம். அதற்குள் சர்வதேச சைக்கிள் சம்மேளனத்தின் அப்போதைய தலைவர் பாட் மக்வெய்ட், ஆர்ம்ஸ்ட்ராங் சொல்வது தவறு என்று அடித்துச் சொல்லிவிட்டார். அவர் சொல்லாத ஒன்றுக்குச் சம்மேளனத்தின் அதிகாரபூர்வ மறுப்பு!

இத்தனைக்கும் இதில் புதிய செய்தி எதுவும் இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில், ஊக்கமருந்து இல்லாமல் தொடர்ந்து ஏழு முறை டூரை வென்றிருக்க முடியுமா என்று கேட்டபோது, தன் அபிப்பிராயத்தில் முடியாது என்று அவர் சொல்லியிருந்தார். ஜூன் மாதத்தில் அது மறுபடியும் தலைப்புச் செய்தியாக வேண்டுமென்றால் காலத்தை நீக்கினால்தான் முடியும்.

ஆனால் அவர் உண்மையிலேயே சொன்னதை எடுத்து ஆராய்ந்திருந்தால், அந்த விவாதம் அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்திருக்கும். அந்தக் காலத்தில் முடியாது என்ற கூற்று பாதி உண்மை என்பதற்குச் சம்மேளனமே சாட்சி: 2012 அக்டோபரில் அவருடைய ஏழு பட்டங்களைப் பறித்தபோது, இரண்டாமிடம் வந்தவர்களுக்கு அவற்றைக் கொடுக்காமல் காலியாகவே விட்டார்கள். ஸூலே, உல்ரிச், பாஸோ என்று அந்தப் பட்டியலில் இருந்தவர்களும் ஊக்கமருந்து விவகாரங்களில் அடிபட்ட கதை ஊரறிந்தது. மீதிப் பாதிதான் முக்கியம். ‘முடியாது’ என்று சொல்லும்போது அது யாரோ ஏற்படுத்தி வைத்த நிலைமை, நான் அதில் ஒரு பங்கேற்பாளன் மட்டுமே என்ற தொனி வந்துவிடுகிறது.

1999 டூரில் கிறிஸ்தோஃப் பசோன்ஸ் என்ற பிரெஞ்சு வீரர் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய ஆண்டு ஊக்கமருந்து விவகாரத்தில் சிக்கிய ஃபெஸ்டினா அணியில், மருந்தைத் தொடாதவர் என்று சக வீரர்களாலேயே சொல்லப்பட்டவர். பந்தயத்தின் வேகம் சந்தேகத்துக்குரியது என்று நாளிதழ்ப் பத்தியில் எழுதிவந்தார். அல்ப் துவேஸ் மலைக்குப் போகும் கட்டத்தில் அவர் தனியே முன்னேறியபோது, பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கான மஞ்சள் ஜெர்சியில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் விரட்டிப் பிடித்து, தோளில் கைவைத்து, நீ பேசுவது விளையாட்டுக்குக் கெடுதல், வீட்டுக்குப் போ என்ற பொருளில் சொன்னார். கூட்டத்தில் ஒருவர்கூடப் பசோன்ஸுடன் பேசவில்லை. ஓரிரு நாளில் அவர் பந்தயத்தை விட்டே போய்விட்டார். மருந்தில்லாமல் வெல்ல முடியாத காலம் என்பது தானாக வந்ததல்ல. முடியும் என்று நினைத்தவர்களை வெளியேற்றியவர்களில் முதல் வரிசையில் இருந்தவர் இவர். தன் ஊக்கமருந்துப் பழக்கம் பற்றி எழுதப்பட்ட உண்மைக்காக ‘சண்டே டைம்ஸ்’ என்ற பிரிட்டிஷ் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டுப் பணம் வாங்கியவரும், பின்னாளில் அதே பத்திரிகையுடன் சமரசத்துக்கு வரவேண்டியிருந்தவரும் இவரே. தன்னைத் திரித்து எழுதிவிட்டார்கள் என்று அவர் ஒருமுறையாவது நேர்மையாகச் சொல்லக்கூடிய வாய்ப்பை, அவரைச் சற்றும் விரும்பாத பத்திரிகை உலகம்தான் அமைத்துக் கொடுத்தது. பேச்சு முழுவதும் ‘அப்படிச் சொன்னாரா இல்லையா’ என்பதிலேயே முடிந்துபோக, சொன்னதன் தரம் என்ன என்ற கேள்விக்கு இடமில்லாமல் போயிற்று.

உப்பைத் தின்றவர் ஒருவர், தண்ணீர் குடித்தவர் இன்னொருவர். அந்த 2013 டூரில் பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் ஃப்ரூம் ஜூலை 14 அன்று மோன் வான்தூ மலையை முதலில் எட்டினார். மறுநாள் ஓய்வுநாள் செய்தியாளர் சந்திப்பில் மலையேற்றத்தைவிட ஆர்ம்ஸ்ட்ராங்தான் அதிகம் அடிபட்டார். அவர் ஏமாற்றினார், நான் ஏமாற்றவில்லை, அவ்வளவுதான் என்று ஃப்ரூம் சொல்ல வேண்டியிருந்தது. ஃப்ரூமைச் சந்தேகிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அந்த விளையாட்டின் வரலாற்றைப் படித்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். அப்படிக் கேட்பதற்கு அவருடைய மலையேற்ற வேகம், அணியின் மருத்துவர்கள், ரத்தப் பரிசோதனைத் தரவுகள் என்று எத்தனையோ நேரான வழிகள் இருந்தன. 1999இல் பதினான்கு வயதுப் பையனாக இருந்த ஒருவரிடம், அந்த ஆண்டைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியத்தை ஆண்டை மட்டும் அழித்துவிட்டு நீட்டுவது அந்த வழிகளில் ஒன்றல்ல.