அடுத்தவர் கதையை எடுத்தால் என்ன?

பெரிய இயக்குநர் யாராவது நாவலைப் படமாக்கப் போகிறேன் என்று அறிவித்தால் போதும், ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். வடசென்னை தண்டையார்பேட்டையில் எங்கள் டீக்கடை கோஷ்டியிலும் இதே பேச்சுதான். “சொந்தமா யோசிக்கத் தெரிஞ்சவன் இன்னாத்துக்குப்பா அடுத்தவன் புக்கைத் தூக்கினு வரான்?” என்பார் ஒரு அண்ணன். படம் பார்ப்பதில் அவரை மிஞ்ச இங்கே ஆளில்லை. ஆனாலும் இந்த விஷயத்தில் நான் எதிர்க்கட்சி. தனக்கென்று ஒரு பாணி உள்ளவர்கள்தான் அடுத்தவர் கதையைத் தொட வேண்டும். மற்றவர்கள் தொட்டால் கதைச்சுருக்கம்தான் மிஞ்சும்.

மகேந்திரனையே பாருங்கள். ‘முள்ளும் மலரும்’ (1978) உமா சந்திரனின் நாவல். ‘உதிரிப்பூக்கள்’ (1979) புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யில் இருந்து கிளம்பியது. இரண்டும் யார் படம் என்று கேட்டால் யோசிக்காமல் மகேந்திரன் என்போம். சத்யஜித் ராய்க்கு ‘பதேர் பாஞ்சாலி’ விபூதிபூஷண் கொடுத்தது, ‘சாருலதா’ தாகூர் கொடுத்தது. ராய்க்குச் சொந்தச் சரக்கு இல்லை என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு இயக்குநரை அவர் போக்கிலேயே விட்டால் அவருக்குப் பிடித்த ஆள், பிடித்த கோபம், பிடித்த சாவு என்று திரும்பத் திரும்ப அதுவேதான் வரும். எங்கள் ஏரியாக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். ‘மெட்ராஸ்’ (2014), ‘வடசென்னை’ (2018), ‘சார்பட்டா பரம்பரை’ (2021) மூன்றும் எனக்குப் பிடித்தவை. ஒரு சுவருக்காக நடக்கும் அரசியல், கேரம் போர்டு, பாக்சிங் என்று இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள் அவற்றில் இருந்தன. அப்புறம் வந்தவர்கள் அவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது கத்தியை மட்டும்தான். காசிமேட்டில் விடிகாலையில் மீன் ஏலம் எடுக்கும் அக்காக்கள், பின்னி மில் மூடியபின் வேலை தேடி அலைந்த குடும்பங்கள், 2023 டிசம்பரில் எண்ணெய் மிதந்த எண்ணூர் ஆற்றில் வலை இறக்க முடியாமல் நின்றவர்கள் எல்லாம் திரையில் வர வேண்டுமென்றால் ஒரு ரவுடிக்கு அம்மாவாகவோ தம்பியாகவோதான் வர வேண்டியிருக்கிறது.

நல்ல புத்தகம் ஒன்று கையில் இருந்தால், ‘இது உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்’ என்று அது இயக்குநரை மறிக்கும். ‘விசாரணை’யில் அது நடந்தது. கோவை ஆட்டோ ஓட்டுநர் சந்திரகுமார், குண்டூர் போலீசிடம் தான் பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். ரூம் போட்டு யோசித்து அப்படி எழுத முடியாது. படத்தின் முதல் பாதி அவருடையது, பிற்பாதி இயக்குநர் வெற்றிமாறன் சேர்த்தது. ஒட்டு போட்ட இடம் லேசாகத் தெரிகிறதுதான். தெரியட்டும்.

அதே வெற்றிமாறனின் ‘அசுரன்’ (2019) மேல்தான் எனக்கு மனத்தாங்கல். பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வந்த நாவல். கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம், அப்பாவோடு காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் சில நாட்கள்தான் கதை. தண்ணீர் எங்கே கிடைக்கும், எதைத் தின்னலாம், ராத்திரி எங்கே படுக்கலாம் என்பதிலேயே பாதி போகிறது. பழிதீர்த்தவனுக்கும் நேரத்துக்குப் பசிக்கிறது. வீட்டு ஞாபகம் வருகிறது. அந்த நாவலை மறக்கமுடியாமல் செய்வது இதுதான். படமோ அப்பாவின் படமாகிவிட்டது. தலித் மக்களுக்கென்று அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம், செருப்பு, எரியும் குடிசைகள் என்று முன்கதை விரிகிறது. பேச வேண்டிய அரசியல்தான், மகாராணி தியேட்டரில் நானும்தான் கைதட்டினேன். எதைச் சேர்த்தாலும் எனக்குச் சம்மதம். அதற்காக அந்தப் பையனை ஓரமாக உட்காரவைத்திருக்க வேண்டாம்.

பாலாவின் ‘பரதேசி’ (2013) இதைவிட மோசம். தேயிலைத் தோட்டத்தில் டாக்டராக இருந்து, பிறகு தொழிலாளர்களுக்காகச் சங்கம் கட்டிய பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல்தான் மூலம். இரா. முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று கொண்டுவந்தார். அதில் கூலிகளை மனிதர்களாகப் பார்க்கும் ஒரு டாக்டர் இருக்கிறார். படத்து டாக்டர் மதம் மாற்ற வந்து ஆட்டம் போடுகிறார். பாலாவின் உலகத்தில் எல்லாம் இருட்டாக இருக்க வேண்டும், நல்ல டாக்டர் அதற்கு இடைஞ்சல். இடைஞ்சலாக இருப்பதையெல்லாம் வெட்டுவதற்கு அந்த நாவலே எதற்கு?

வடசென்னையைப் படமாக்க ஆசைப்படுகிறவர்களுக்குப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. கரன் கார்க்கியின் ‘கறுப்பர் நகரம்’ இருக்கிறது. பாக்கியம் சங்கர் எழுதிய மனிதர்கள் இருக்கிறார்கள். ‘சார்பட்டா’வில் இயக்குநர் பா. ரஞ்சித்தோடு சேர்ந்து எழுதிய தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’யும் இருக்கிறது. (சிந்தாதிரிப்பேட்டை வடசென்னையா என்ற பஞ்சாயத்தைக் கமெண்டில் தொடங்க வேண்டாம்.) உரிமையைக் காசு கொடுத்து வாங்கி, டைட்டிலில் பெயரைப் பெரிதாகப் போட்டு எடுங்கள்.

இப்போதைக்கு என் கவலையெல்லாம் சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ பற்றித்தான். வெற்றிமாறன் இதைப் படமாக்கப் போவதாக அறிவித்து வருஷக்கணக்காகிறது. புத்தகம் ரொம்பச் சின்னது. அப்பனைக் குத்திய காரி என்ற காளை, அதை அடக்க வந்திருக்கும் பிச்சி, மாட்டுக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார், ஒரே ஒரு நாள் ஜல்லிக்கட்டு, அவ்வளவுதான். இது மூன்று மணி நேரத்துக்குத் தாங்காது என்று பிச்சிக்கு ஒரு காதலும் அப்பனுக்கு ஒரு முன்கதையும் வைக்கச் சொல்லி நாலு பேர் நச்சரிப்பார்கள். வைக்காதீர்கள் சார். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டாலும் முழு டிக்கெட் காசு கொடுக்க நான் தயார்.