ஜூன் மாதத் தேர்தலுக்கும் போங்கள்

நியூ ஜெர்சியில் குடியுரிமை வாங்கிய நம்மவர்கள் நவம்பர் தேர்தலுக்குத் தவறாமல் போகிறார்கள். கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜூன் மாத பிரைமரி தேர்தல் என்றால் பெரும்பாலோர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு. எடிசன் போன்ற மிடில்செக்ஸ் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஊர்களில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் நவம்பரில் தோற்பது அபூர்வம். அந்தக் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்று ஜூனில் முடிவானதுமே அடுத்த மேயர், கவுன்சிலர் யார் என்பதும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. அன்று வீட்டில் இருந்துவிட்டு, வரி ஏறிவிட்டது, குடியிருப்புக்குப் பின்னால் கிடங்கு வருகிறது என்று பிறகு புலம்பி என்ன பயன்?

"நான் எந்தக் கட்சியிலும் இல்லையே தம்பி, என்னை உள்ளே விடுவார்களா?" என்று பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் கேட்டார். தாராளமாக விடுவார்கள். கட்சி எதையும் குறிப்பிடாமல் பதிந்தவர், வாக்குச்சாவடியில் அன்றைக்கே ஒரு கட்சியைத் தேர்ந்துகொண்டு வாக்களிக்கலாம். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே அந்தக் கட்சி ஏறும், அவ்வளவுதான். சந்தா கிடையாது. நவம்பரில் யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கலாம். ஏற்கெனவே ஒரு கட்சியில் பதிந்தவர் மாற நினைத்தால்தான் பிரைமரிக்கு 55 நாட்களுக்கு முன்பே படிவம் கொடுக்க வேண்டும். வாக்காளராகவே பதியாதவர் 21 நாட்களுக்கு முன்பே பதிய வேண்டும்.

"கட்சி மேலிடம் நினைத்தவர்தான் வருவார்" என்றும் சொல்கிறார்கள். அதற்கு நியாயம் இருந்தது. 21 கவுண்டிகளில் 19-இல், கட்சியின் ஆதரவு பெற்றவர்களை மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையில் அச்சிட்டுவிட்டு, மற்றவர்களை வாக்குச்சீட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார்கள். 'கவுண்டி லைன்' என்பது அதுதான். 2024-இல் செனட்டுக்குப் போட்டியிட்ட ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குப் போட்டார். அவ்வாண்டு ஜனநாயகக் கட்சி பிரைமரிக்கு அந்த முறை கூடாது என்று மார்ச் மாதம் கூட்டாட்சி நீதிமன்றம் தடை விதித்தது. 2025-இல் சட்டமே மாறியது. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனிக் கட்டம். போட்டியிடுவோர் எல்லோரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். இவ்வளவு போராடிக் கிடைத்த சீட்டை நாம் கையில் வாங்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று: சீட்டின் கடைசிவரை போங்கள். அங்கே சில ஆண்டுகளில் 'கவுண்டி கமிட்டி' என்று ஓர் இடம் இருக்கும். அதற்குத் தேர்வாகிறவர் உங்கள் வட்டாரத்துச் சில தெருக்களுக்கான கட்சிப் பிரதிநிதி. கட்சி சார்பில் தேர்வான கவுன்சிலர் ஒருவர் இடையில் விலகினால், அந்த ஊரின் இத்தகைய பிரதிநிதிகள் சேர்ந்த கட்சிக் கமிட்டிதான் மூன்று பெயர்களைப் பரிந்துரைக்கிறது. அவர்களில் ஒருவரைக் கவுன்சில் நியமிக்கிறது. முகம் தெரியாத ஒருவர் திடீரென்று கவுன்சிலர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது பல நேரம் இப்படித்தான். நூறு வாக்குகூட விழாமல் முடிவாகிற இடம் இது. நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதற்குப் போட்டியிட வேண்டும் என்பது என் ஆசை.

சாவடி காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். தபாலில் வாக்களிப்பவர்கள் உள்ளுறையோடு ஒட்டியிருக்கும் சான்றிதழில் கையெழுத்திட வேண்டும், அதைக் கிழித்துவிடக் கூடாது. தபால் சீட்டு வந்திருந்தும் நேரில் போனால் இயந்திரத்தில் வாக்களிக்க விடமாட்டார்கள். தற்காலிக வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், வாக்களிக்காமல் திரும்பிவிடாதீர்கள்.