ஒல்லியாக இருந்தால் சுகர் வராதா?

"பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருந்தாலும் ஒல்லியாக இருந்தால் சுகர் வராது, தாகம் எடுத்தால் டெஸ்ட் பார்த்தால் போதும்" என்று மேலே ஒரு தோழி எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு. எடை கூடினால் ஆபத்து கூடும், சரி. ஆனால் ஒல்லியானவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் உடலில் சரியாக வேலை செய்யாத நிலை, இருக்கலாம். தாகம், அடிக்கடி சிறுநீர், மங்கலான பார்வை, திரும்பத் திரும்ப வரும் பிறப்புறுப்பு அரிப்பு எல்லாம் பெரும்பாலும் சர்க்கரை நன்றாக ஏறிய பிறகுதான் தெரியும். அதற்கு முன்பே இன்சுலின் எதிர்ப்பால் பின்கழுத்தும் அக்குளும் கறுத்துத் தடிக்கலாம். நாம் அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருப்போம்!

வெறும் வயிற்று டெஸ்டில் மட்டும் சிலருக்குப் பிடிபடாது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்ப்பதே நல்லது: 140 முதல் 199 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை, 200ஐத் தொட்டால் நீரிழிவாக இருக்கலாம், டாக்டரிடம் உறுதி செய்யுங்கள். எடை எதுவானாலும் பிசிஓஎஸ் தெரிந்ததுமே பரிசோதிக்கத்தான் 2023 சர்வதேச வழிகாட்டுதலும் சொல்கிறது.