குழந்தையின் கையைக் கொஞ்சம் விடுங்கள்

சிறப்புப் பள்ளி விழாக்களில் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து டீச்சர் டிரம்மைத் தட்டவைப்பார். குழந்தை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். கைதட்டல் காதைப் பிளக்கும். வாசித்தது டீச்சர்தான். இப்படிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

கடுமையான அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு இசை எதற்கு என்று கேட்டால், "அமைதியா இருப்பாங்க" என்பார்கள். இல்லையென்றால், "பேச்சு வரும், கவனம் கூடும்". வந்தால் சந்தோஷம்தான். ஆனால் மற்ற பிள்ளைகளைப் பாட்டு வகுப்பில் சேர்ப்பது கணக்கு நன்றாக வரும் என்றா? (அப்படிச் சேர்ப்பவர்களும் உண்டு, அது வேறு கதை.) மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 30வது பிரிவு, அவர்களுடைய கலைத்திறன் வளர்வது அவர்கள் நன்மைக்கு மட்டுமில்லை, சமூகத்தின் வளத்துக்கும்தான் என்கிறது. அமைதியாக உட்காரவைப்பதற்கென்று அதில் எங்கும் இல்லை.

அமெரிக்க இசையமைப்பாளர் பால் நார்டாஃபும் இங்கிலாந்துச் சிறப்பாசிரியர் கிளைவ் ராபின்ஸும் 1959இல் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். குழந்தை முன்னும் பின்னும் ஆடினால் அந்த வேகத்திலேயே பியானோ வாசிப்பார்கள். அழுதால் அந்த அழுகையின் சுருதியைப் பிடித்துக்கொள்வார்கள். குழந்தை எதைத் தருகிறதோ அங்கிருந்துதான் இசை கிளம்பும்.

இதற்குப் பெரிய வித்வான் வேண்டாம், பொறுமை வேண்டும். நன்கு பழகிய ஒரு பாட்டைப் பாடி, கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். ஐந்து நொடி ஒன்றும் நடக்காது. நமக்குத்தான் இருப்புக் கொள்ளாது, "பாடு கண்ணா, பாடு" என்று ஆரம்பித்துவிடுவோம். அதோடு எல்லாம் போச்சு. வாயை மூடிக்கொண்டு காத்திருந்தால் சில சமயம் மூச்சு மாறும், கால் விரல் அசையும், தொண்டையில் ஒரு சின்ன முனகல் வரும். வந்த மறுநொடியே அந்தச் சொல்லைப் பாடி முடிக்க வேண்டும். தாமதித்தால், தான் அசைந்ததால்தான் பாட்டு வந்தது என்பது குழந்தைக்குப் புரியாது. இதே பாட்டை மாதக்கணக்கில் பாட வேண்டியிருக்கும். அலுப்பு நமக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

கருவிகளிலும் வழி இருக்கிறது. குச்சியால் தட்டி வாசிக்கும் சைலோபோன்களில், கட்டைகளைக் கழற்றி மாட்டும் வகை உண்டு. 'ம', 'நி' ஸ்வரங்களின் கட்டைகளை எடுத்துவிட்டால் மிச்சம் மோகன ராகம். எங்கே தட்டினாலும் காதுக்கு இதமாகத்தான் இருக்கும். கையில் வலு இல்லாதவர்களுக்கு, லேசாக அழுத்தினாலே பதிவுசெய்த ஒலி வரும் பொத்தான்கள் இருக்கின்றன. அப்புறம், காதைப் பொத்திக்கொண்டால் உடனே நிறுத்துங்கள், அதுவும் ஒரு பதில்தான். வலிப்பு உள்ள பிள்ளையென்றால் எந்தச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

"எனக்குப் பாட வராதே" என்று தயங்கும் ஆசிரியர்கள் நிறைய. உங்கள் குரலுக்கு அங்கே யாரும் மார்க் போடப் போவதில்லை. மூலையில் செல்போனில் பாட்டைப் போட்டுவிட்டு, அட்டவணையில் 'இசை வகுப்பு' என்று எழுதுவதைவிட உங்கள் அபஸ்வரம் எவ்வளவோ மேல்.

பெற்றோருக்கு ஒன்று. என்ன பாட்டு சொல்லிக்கொடுத்தீர்கள் என்று பள்ளியில் கேட்காதீர்கள். இந்த வாரம் என் பிள்ளை என்ன செய்தான், பதிலுக்கு நீங்கள் என்ன வாசித்தீர்கள் என்று கேளுங்கள். "நல்லா ரசிச்சான்" என்று பதில் வந்தால், இன்னொரு முறை கேளுங்கள்.